மலைநகர் மாளிகைகளின் பழைய நிழற்படங்கள்

தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ பல ஆண்டுகள் வாழ்ந்த தமிழர் எவரும், என்றேனும் ஒருநாள் பழம்பொருள் விற்கும் கடையொன்றில் இத்தகைய படத்தைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கக் கூடும். கெட்டியான அட்டையின்மேல் ஒட்டிய மெல்லிய தாள். செம்பழுப்பு நிறம், ஓரங்களில் மஞ்சள் படர்ந்திருக்கும். மலைச்சரிவில் ஒரு வீடு. அதைச் சூழத் தேவதாரு மரங்கள். பின்னால் வெறுமையான வெள்ளை வானம். கீழே அவ்வீட்டின் பெயரும், 'சிம்லா' என்னும் ஊர்ப்பெயரும், ஓர் எண்ணும் காணப்படும். கடைக்காரர் இது வெள்ளைக்காரர் காலத்துப் படம் என்பார். வாங்கியவர் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அவ்வாறு முடிந்துவிடத் தக்க பொருளன்று இது. அந்தத் தாள் எப்படி உண்டாயிற்று, அந்த வீடு எதற்காகப் படம் பிடிக்கப்பட்டது, படத்தில் எது தெரிகிறது, எது தெரியவில்லை என்ற நான்கு கேள்விகளை எழுப்பிப் பார்த்தால், ஒரு நூலில் கிடைக்கும் செய்தி அத்தனையும் அந்த ஒற்றைத் தாளில் கிடைக்கும். அவற்றைச் சிறிது விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் ஊரைப் பற்றிச் சில சொற்கள். சிம்லாவில் நிலையான முதல் வீட்டை 1822ஆம் ஆண்டில் கட்டியவர் சார்லஸ் பிராட் கென்னடி என்னும் ஆங்கில அதிகாரி. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ள அந்த மலைமுகடு, சமவெளியின் கோடையைத் தாங்க மாட்டாத ஆங்கிலேயருக்குப் புகலிடமாயிற்று. 1864ஆம் ஆண்டில் வைஸ்ராய் ஜான் லாரன்ஸ் அதனை இந்திய அரசின் கோடைக்காலத் தலைநகராக்கினார். அன்றுமுதல் ஆண்டுதோறும் வெயில் தொடங்கியதும் அரசாங்கமே மலை ஏறியது. கோப்புகளும் பெட்டிகளும் எழுத்தர்களும் அந்நாளைய கல்கத்தாவிலிருந்து சிம்லாவுக்குச் சென்றனர். தலைநகரை மாற்றும் அறிவிப்பு 1911ஆம் ஆண்டில் வெளியான பிறகு இந்தப் போக்குவரத்து தில்லிக்கும் சிம்லாவுக்கும் இடையே நிகழ்ந்தது. மத்திய அரசின் அலுவலகங்களில் பணி செய்த தமிழர் பலரும் கோடையில் சிம்லா, குளிர்காலத்தில் தில்லி என்று வாழ்ந்தனர். ஆகவே அந்த மலைநகரம் தமிழருக்கு முற்றிலும் அந்நியமான ஊரன்று. இன்று தில்லியில் வாழும் சில தமிழ்க் குடும்பங்களின் பாட்டனாரும் பூட்டனாரும் அந்த வீதிகளில் கம்பளிச் சால்வை போர்த்து நடந்தவர்களே.

இனிப் படங்களுக்கு வருவோம். சிம்லாப் படங்களுள் தலைசிறந்தவை என்று இன்றளவும் கருதப்படுபவை சாமுவேல் போர்ன் என்பவர் எடுத்தவை. அவர் 1834ஆம் ஆண்டில் பிறந்தவர். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரில் வங்கி எழுத்தராக இருந்தவர். நிழற்படக் கலையில் கொண்ட பற்றினால் வேலையை விட்டு, 1863ஆம் ஆண்டில் இந்தியா வந்து சேர்ந்தார். சிம்லாவில் வில்லியம் ஹவர்ட் என்பவருடன் கூட்டுச் சேர்ந்தார். பின்னர்ச் சார்லஸ் ஷெப்பர்டு என்பவரும் இணைந்தார். ஹவர்ட் விலகிய பின் அந்த நிறுவனம் 'போர்ன் அண்ட் ஷெப்பர்டு' என்று புகழ் பெற்றது. போர்ன் படம் பிடித்தார். ஷெப்பர்டு படங்களை அச்சிடுவதில் வல்லவர்.

வீடுகளைப் படம் பிடித்ததற்குக் காரணம் என்ன? அழகுணர்ச்சி ஒரு காரணம். வாணிகம் அதைவிடப் பெரிய காரணம். மலைநகரில் ஒரு பருவம் தங்கிய அதிகாரியும் அவர் மனைவியும் தாம் வசித்த வீட்டைத் தாய்நாட்டில் உள்ள உறவினருக்குக் காட்ட விரும்பினர். இந்தியா என்றால் வெயிலும் நோயுமே என்று கவலைப்பட்டிருந்த அவர்களுக்கு, பூந்தோட்டமும் புகைபோக்கியும் கூடிய மலைவீட்டின் படம் ஆறுதலாக இருந்தது. நிறுவனம் ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் கொடுத்துப் பட்டியல் அச்சிட்டது. வேண்டியவர் எண்ணைக் குறித்து அனுப்பினால் படம் வந்து சேரும். அப்படி வாங்கியவற்றைப் பெரிய தோல் அட்டைத் தொகுப்பு நூல்களில் ஒட்டிக் கப்பலில் எடுத்துச் சென்றனர். அந்தத் தொகுப்புகள் பிற்காலத்தில் பிரிக்கப்பட்டுத் தனித்தனித் தாள்களாக விற்கப்பட்டன. கடைகளில் நாம் காணும் பல படங்களின் பூர்விகம் இதுவே.

அக்காலத்தில் படம் பிடிப்பது எளிதான செயலன்று. 1851ஆம் ஆண்டில் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட 'ஈரக் கொலோடியன்' முறையே அப்போது வழக்கில் இருந்தது. ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பிசினைச் சீராக ஊற்றிப் பரப்ப வேண்டும். அதனை இருட்டில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்தெடுக்க வேண்டும். தகடு ஈரமாக இருக்கும்போதே காமிராவில் வைத்து ஒளிபடச் செய்து, உலர்வதற்குள் மீண்டும் இருட்டுக்குக் கொண்டுபோய்ப் படத்தை வெளிக்கொணர வேண்டும். இத்தனைக்கும் கிடைக்கும் நேரம் சில நிமிடங்களே. ஆகையால் படம் பிடிக்கும் இடத்துக்கே இருட்டுக் கூடாரம், இரசாயனப் புட்டிகள், தண்ணீர், கண்ணாடித் தகடுகள் யாவும் போய்ச் சேர வேண்டும். போர்ன் பெரும்பாலும் பயன்படுத்திய தகடு 12 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும் கொண்டது.

இந்தச் சுமைகளையெல்லாம் தூக்கியவர்கள் மலைநாட்டுச் சுமையாளர்கள். 1863ஆம் ஆண்டில் சிம்லாவிலிருந்து புறப்பட்ட முதல் இமயப் பயணத்தில் போர்னுடன் சென்ற சுமையாளர் ஏறத்தாழ முப்பது பேர். 1866ஆம் ஆண்டுப் பயணத்தில் அவர் 18,600 அடி உயரமுள்ள மணிரங் கணவாயில் நின்று படம் பிடித்தார். அக்காலத்தில் அவ்வளவு உயரத்தில் வேறு எவரும் படம் எடுத்ததில்லை. அது போர்னின் சாதனை என்று நூல்கள் கூறும். அந்தக் கண்ணாடித் தகடு உடையாமல் அங்கே ஏறியதும் இறங்கியதும் யாருடைய முதுகின்மேல் என்பதையும் நாம் கூட்டிச் சொல்ல வேண்டும்.

கண்ணாடியில் கிடைப்பது மாற்று உருவம். நெகடிவ் என்று வழங்குவது. வெண்மை கருமையாகவும் கருமை வெண்மையாகவும் அதில் இருக்கும். அதிலிருந்து தாளில் படம் எடுக்க உதவியது, கேட்டால் வியப்பளிக்கும் ஒரு பொருள்: கோழிமுட்டையின் வெண்கரு. 1850ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுப் பிளாங்கார் எவ்ரார் என்பவர் இம்முறையைக் கண்டார். வெண்கருவில் உப்புக் கலந்து மெல்லிய தாளின்மேல் பூசி உலர்த்துவர். பிறகு வெள்ளி நைட்ரேட்டில் அதை மிதக்கவிட்டு எடுத்தால் தாள் ஒளியை உணரும் தன்மை பெறும். கண்ணாடி நெகடிவை அதன்மேல் நேரே வைத்து அழுத்திச் சூரிய ஒளியில் காட்டினால் உருவம் தானே தோன்றும். தங்க உப்புக் கரைசலில் நனைத்தால் நிறம் ஊதா கலந்த பழுப்பாகும். ஹைப்போவில் நிலைப்படுத்தி, நீரில் நெடுநேரம் அலசி உலர்த்துவர். தகட்டைத் தாளின்மேல் வைத்தே அச்சிட்டதால், படத்தின் அளவும் தகட்டின் அளவும் ஒன்றே. பெரிய படம் வேண்டுமானால் பெரிய கண்ணாடியையே மலைமேல் ஏற்றியாக வேண்டும்.

இவற்றை அறிந்துகொண்டால் படத்தைப் படிப்பது எளிதாகிறது. வானம் ஏன் வெறுமையாக உள்ளது? கொலோடியன் நீல ஒளியை மிகுதியாக ஏற்கும். நீல வானம் அதில் அளவுக்கு மீறிப் பதிந்து, தாளில் வெள்ளையாகத் தோன்றும். பச்சை இலைகள் சரியாகப் பதியாமல் கரிய திரளாக நிற்கும். ஆகவே வெள்ளை வானத்தைக் கண்டு அன்று மேகமே இல்லை என்று முடிவு கட்டலாகாது. படத்தின் மூலையில் உள்ள எண்ணும் பெயரும் கருமையாக இருந்தால் நெகடிவின் பூச்சைக் கீறி எழுதியது என்றும், வெண்மையாக இருந்தால் அதன்மேல் மையால் எழுதியது என்றும் அறியலாம். அந்த எண்ணைப் பழைய பட்டியலோடு ஒப்பிட்டால் இடமும் ஏறத்தாழக் காலமும் தெரியவரும். ஆனால் ஓர் எச்சரிக்கை: போர்ன் 1870ஆம் ஆண்டையொட்டித் தாயகம் திரும்பிவிட்டார். அதன் பிறகும் அவருடைய நெகடிவ்களிலிருந்து நிறுவனம் படங்களை அச்சிட்டு விற்றுவந்தது. வேறு கலைஞர்கள் எடுத்த படங்களும் அதே நிறுவனத்தின் பெயரில் வெளிவந்தன. எனவே நிறுவனத்தின் பெயரைக் கொண்டு மட்டும் எடுத்தவரையோ ஆண்டையோ தீர்மானிக்க இயலாது.

வீட்டையும் கவனித்துப் பார்க்க வேண்டும். சுவரில் மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிந்தால், அது 'தஜ்ஜி' என்று மலைநாட்டார் வழங்கும் கட்டு முறையாக இருக்கலாம். தேவதாருச் சட்டங்களுக்கு நடுவே கல்லும் மண்ணும் நிரப்பி எழுப்பும் சுவர் அது. நிலநடுக்கத்தின்போது இறுகி நின்று பிளக்காமல், சற்றே அசைந்து கொடுத்துத் தப்பும். வெளித்தோற்றத்தில் வீடு இங்கிலாந்து நாட்டுப்புறத்தைப் போல இருந்தாலும், அதன் எலும்புக்கூடு உள்ளூர்த் தச்சரும் கொத்தரும் அறிந்த வித்தையாக இருந்தது. படத்தின் கீழே எழுதியிருக்கும் ஆங்கிலப் பெயர் இதனைச் சொல்லாது, சுவர் சொல்லும்.

இனி, படத்தில் தெரியாதவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். காமிரா சில விநாடிகள் திறந்திருக்க வேண்டிய காலம் அது. அசையாமல் நின்ற வீடு கூர்மையாகப் பதிந்தது. நடந்துகொண்டிருந்த மனிதன் மங்கிய புகைபோல் பதிந்தான். விரைந்து சென்றவன் பதியவே இல்லை. முற்றத்தில் ஒரு மூலையில் கலங்கிய உருவம் ஒன்று தெரிந்தால், அது தண்ணீர் சுமந்த பிஸ்தியாக இருக்கலாம். பல்லக்குத் தூக்கியாகவோ தோட்டக்காரராகவோ இருக்கலாம். அங்கே நீர் மனிதர் முதுகில் ஏறித்தான் வீட்டுக்கு வந்தது. விறகும் அப்படியே. சிம்லாவின் தெருக்களில் குதிரை வண்டி செலுத்தும் உரிமை வைஸ்ராய் முதலிய மிகச் சிலருக்கே இருந்தபடியால், மற்றவர் பல்லக்கிலும் பின்னாளில் மனிதர் இழுக்கும் ரிக்‌ஷாவிலும் சென்றனர். 1903ஆம் ஆண்டில் கால்காவிலிருந்து மலை ரயில் வரும்வரை, பியானோ முதல் பீங்கான் வரை அனைத்தும் வண்டிப்பாதை வழியாகவும் மனிதர் தோளிலும் வந்தவையே. கூலி கொடாமலோ பெயரளவில் கொடுத்தோ மலைமக்களைச் சுமக்கச் செய்த 'பேகார்' என்னும் கட்டாய உழைப்பு அப்பகுதியில் நெடுங்காலம் நிலவியது. அதனை எதிர்த்து 1920களின் தொடக்கத்தில் சத்யானந்த ஸ்டோக்ஸ் நடத்திய இயக்கம் வரலாற்றில் இடம் பெற்றது.

போர்ன் தம் பயணங்களைப் பற்றி ஆங்கில நிழற்பட இதழொன்றில் விரிவாக எழுதினார். சுமையாளர்கள் சுமையைப் போட்டுவிட்டு ஓடிப்போனதையும், தாம் தடியெடுத்து அவர்களைத் தேடிப் போனதையும் அவரே ஒளிக்காமல் கூறுகிறார். கலைஞரின் திறமையை மெச்சுவதற்கு இது தடையன்று. ஆனால் அந்தத் தெளிந்த படத்தின் விலையில் இதுவும் சேர்ந்திருக்கிறது என்பதை மறப்பதற்கில்லை.

இது வடநாட்டு மலைகளுக்கு மட்டும் உரிய கதையன்று. நம் நீலகிரியிலும் இதே நிலைதான். கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820களின் தொடக்கத்தில் உதகையில் எழுப்பிய கல் பங்களா, தோடர்கள் எருமை மேய்த்த நிலத்தில் எழுந்தது. இன்று அது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் உள்ளது. போர்னும் 1869ஆம் ஆண்டு வாக்கில் தென்னாட்டுக்கு வந்து உதகையைப் படம் பிடித்தார். ஏ. டி. டபிள்யூ. பென் என்பவர் உதகையிலேயே படக்கூடம் வைத்து, நீலகிரியின் வீடுகளையும் காடுகளையும் தோடர்களையும் படம் எடுத்து விற்றார். அந்தப் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். பங்களாவின் படத்தின் கீழே பங்களாவின் பெயர் இருக்கும். தோடரின் படத்தின் கீழே பெரும்பாலும் 'தோடர்' என்றே இருக்கும். காமிராவை நேரே நோக்கி நிற்கும் அந்த மனிதருக்கும் ஒரு பெயர் இருந்தது. அதை எழுத வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்குப் பெயர் உண்டு, மனிதனுக்கு இல்லை.

வடக்கையும் தெற்கையும் பிணைக்கும் வேறொரு செய்தியும் உண்டு. சிம்லாவின் மாளிகைகளுள் பெரியதான வைஸ்ராய் மாளிகையை வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். 1888ஆம் ஆண்டில் டஃபரின் பிரபு அதில் குடியேறினார். அக்காலத்திலேயே மின்விளக்கு எரிந்த மாளிகை அது. 1965ஆம் ஆண்டில் டாக்டர் எஸ். இராதாகிருஷ்ணன் தொடங்கிவைத்த இந்திய உயர்நிலை ஆய்வு நிறுவனம் இன்று அங்கே இயங்குகிறது. அந்த இர்வினின் கைவண்ணமே 1892ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்திலும் உள்ளது. சென்னையில் அக்கட்டடத்தைக் கண்டு வளர்ந்தவர் சிம்லாவின் சாம்பல் நிறக் கற்சுவரைக் காணும்போது, ஒரே கலைஞர் இருவேறு நாட்டுப் பாணிகளில் பேசியிருப்பதை உணரலாம்.

இந்தப் படங்கள் இவ்வளவு முக்கியமாவதற்குக் காரணம் இழப்பு. மரம் மிகுந்த மலைவீடுகளுக்குத் தீயே பெரும்பகை. வைஸ்ராய்கள் 1888ஆம் ஆண்டுவரை தங்கியிருந்த 'பீட்டர்ஹாஃப்' என்னும் வீடு, விடுதலைக்குப் பின் பஞ்சாப் உயர்நீதிமன்றமாக விளங்கியது. காந்தியடிகள் கொலை வழக்கின் மேல்முறையீடு 1949ஆம் ஆண்டில் அங்கேதான் விசாரிக்கப்பட்டது. அந்த வீடு 1981ஆம் ஆண்டில் எரிந்து அழிந்தது. அதே இடத்தில் விடுதி ஒன்று புதிதாக எழுந்துள்ளது. வீடுதான் போயிற்று, நெகடிவாவது உண்டா என்றால், கொல்கத்தாவில் 'போர்ன் அண்ட் ஷெப்பர்டு' படக்கூடத்தில் 1991ஆம் ஆண்டில் நிகழ்ந்த தீ விபத்தில் அவர்களுடைய பழஞ்சேமிப்பில் பெரும்பகுதி அழிந்தது. அப்படக்கூடமும் 2016ஆம் ஆண்டில் மூடப்பட்டது. வீடும் இல்லை, கண்ணாடியும் இல்லை என்னும்போது, எஞ்சியிருக்கும் சாட்சி தாளில் அச்சான படம் ஒன்றே. இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும் தில்லியில் அல்காஸி சேகரிப்பிலும் இத்தகைய படங்கள் பேணப்படுகின்றன. எஞ்சியவை தனி வீடுகளிலும் கடைகளிலும் சிதறிக் கிடக்கின்றன.

கையில் கிடைத்தது உண்மையான பழம்படமா, பிற்கால அச்சா என்று அறிய ஒரு பூதக்கண்ணாடி போதும். புத்தகத்திலிருந்து எடுத்த அச்சுப்படமாயின் சிறு சிறு புள்ளிகள் வரிசையாகத் தெரியும். வெண்கருத் தாளில் புள்ளிகள் இரா. நிறம் தொடர்ச்சியாக ஓடும். மெல்லிய பளபளப்பும், நுண்ணிய வெடிப்புகளும், பூச்சின் ஊடே தாளின் நாரும் தெரியும். வெண்மையான பகுதிகள் மஞ்சளாகியிருக்கும்.

அத்தகைய படத்தை நேர்வெயில் படும் சுவரில் மாட்டலாகாது. மழைக்காலத்து ஈரம் பூஞ்சையை வளர்க்கும். ஆதலால் வெளிச்சுவரை ஒட்டி வைப்பதும் கூடாது. பசைநாடா ஒட்டுவதும், பிளாஸ்டிக் உறையிட்டு வெப்பத்தால் மூடுவதும் படத்தைக் கொல்லும் செயல்கள். அமிலமற்ற தாளில் சுற்றி, தட்டையாக, உலர்ந்த பெட்டியில் வைப்பதே நலம். ஒளிநகல் ஒன்று எடுத்துச் சட்டத்தில் அதனை மாட்டி, மூலத்தை உள்ளே வைத்துக்கொள்ளலாம்.

இறுதியாக ஒன்று. சிம்லாவிலோ வேறு மலைநகரிலோ பணியாற்றிய முன்னோரின் படம் உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இருக்கலாம். அலுவலகப் படிக்கட்டில் வரிசையாக நின்று எடுத்த படமாக இருக்கலாம். பனி பெய்த முற்றத்தில் குழந்தைகளோடு எடுத்ததாக இருக்கலாம். அப்படத்தைப் பார்த்ததும் 'இவர் பெரியப்பா, இவர் அடுத்த வீட்டுக்காரர், இவர் பால் கொண்டுவந்த பஹாடி' என்று சொல்லத் தெரிந்தவர் இன்று வீட்டில் ஒருவர் இருக்கலாம். நாளை அவர் இல்லாமற் போனால், அந்த முகங்கள் அனைத்தும் பெயரற்றவை ஆகிவிடும். பின்னே தெரியும் கட்டடத்தின் பெயர் மட்டும் எவருக்கேனும் தெரிந்திருக்கும். மாளிகைப் படங்களுக்கு நேர்ந்த குறை நம் வீட்டுப் படங்களுக்கும் நேர வேண்டியதில்லை. அவரை அருகில் அமர்த்திக் கேட்டு, மென்மையான பென்சிலால் உறையின்மேல் ஊர், ஆண்டு, பெயர்கள் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். மை வேண்டாம், படத்தின்மேல் அழுத்தி எழுதவும் வேண்டாம். பால் கொண்டுவந்தவரின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.